பத்து மணி இடைவேளை

ஜுபைல் பிளாண்டில் புகைக்க ஓர் இடம்தான்.
மூன்றாம் கேட்டுக்கு வெளியே தகரக் கூரை,
மணல் நிரப்பிய எண்ணெய் டிரம்,
சுவரில் பதித்த மின்சார லைட்டர்,
அமுக்கினால் வட்டமாய்ச் சிவக்கும்.
பதினொரு வருடம்
பத்து மணிக்கும் மூன்று மணிக்கும்
அந்தச் சிவப்புக்குக் குனிந்திருக்கிறேன்.

விட்டு நாற்பத்தொரு நாள்.

முதல் வாரம் கைகள்தான் தொல்லை.
பர்மிட் தாளின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தன.
சூயிங்கம் மென்று தாடை வலித்தது.
அதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.
யாரும் சொல்லாதது இரண்டாம் வாரம் வந்தது.
கோபம்.

எனக்குக் கோபமே வராது என்று
கேம்ப் முழுக்கப் பேர்.
ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் ஹிமார் என்றபோது
சரி சார் என்று நடந்துபோய்
ஒன்று பற்றவைத்தவன் நான்.
இப்போது கணக்குப் பார்த்தால்
சொல்லாத ஒரு சொல்லுக்கு ஒரு சிகரெட்.
பதினொரு வருடச் சொற்கள்
அந்த டிரம் மணலில்
தலைகுத்தி நிற்கின்றன.

குக்கர் மூன்று விசிலுக்கு அடுப்பை அணைக்கவில்லை என்று
லூர்துராஜைப் பார்த்துக் கத்தினேன்.
குரல் யாருடையது என்று
நானே திரும்பிப் பார்த்தேன்.
அவன் கரண்டியோடு நின்றான்.
முன்பென்றால் வெளியே போய்
பத்து நிமிடம் கழித்து
ஒன்றும் நடக்காதவன்போல் வந்திருப்பேன்.
வெளியேதான் போனேன்.
நாற்பத்தாறு டிகிரி,
ஏசிப் பெட்டிகளின் சூட்டு மூச்சு,
செய்ய ஒரு வேலையும் இல்லை.
இரண்டே நிமிடத்தில் உள்ளே வந்து
தப்பு என்மேலதான் என்றேன்.
"சோறு கொஞ்சம் குழைஞ்சிருச்சு, உட்காரு" என்றான்.
இவ்வளவு சின்னதா அது!
சாப்பிட்டு முடிக்கும்வரை
நம்பவே முடியவில்லை.

மூக்கு திரும்பியது.
வரம் என்று நினைத்திருந்தேன்.
ஆறு பேர் அறை.
பகல் ஷிஃப்ட் காலுறை, இரவு ஷிஃப்ட் காலுறை,
தலையணையில் போன மாதத்து நான்.
வெள்ளிக்கிழமை கோர்னிஷில் மட்டும்
கடலுக்கு டீசல் போக
உப்பு என்று தனியாக ஒரு வாசனை.

வீரமெல்லாம் கிடையாது.
பத்தொன்பதாம் நாள் பகாலாவில் வாங்கிய பாக்கெட்
லாக்கரில் பனியன்களுக்கு அடியில் இருக்கிறது.
பிரிக்கவில்லை.
தூக்கிப் போடவும் இல்லை.

வியாழன் இரவுகளில் வசுமதி பேசுவாள்.
வீட்டுக்கடன், பையனின் கணக்கு மார்க்,
கடைசியில் எப்போதும்போல
"எப்பதான் வர்றதா இருக்கீங்க?"
இரு, சிக்னல் இல்ல என்பேன்.
சிக்னல் இருக்கும்.
கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே
எனக்கு ஒரு சிகரெட் நீளம் தேவைப்பட்டது.
அது முடிவதற்குள்
அவளே வேறு பேச்சுக்குப் போயிருப்பாள்.

போன வாரமும் அதே கேள்வி.
பதில் இல்லை, பற்றவைக்கவும் ஒன்றுமில்லை.
"தெரியல வசு. பயமா இருக்கு" என்றேன்.
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
நான் காதை எடுக்கவில்லை.
ரொம்ப நேரம் கழித்து
"இன்னைக்குச் சிக்னல் நல்லா இருக்கே" என்றாள்.

அப்போதுதான் அழுதேன்,
துவைக்கும் மெஷின் ஓடுகிற அறையில்,
பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து.
அவளுக்கு எத்தனை வருடமாகத் தெரியும்
என்று கேட்கவில்லை.

தகரக் கூரைப் பக்கம் இப்போது போவதில்லை.
அதனால் இழந்தது தில்பகதூரை.
நெருப்புக் கொடுத்து வாங்கிய ஒன்பது வருடப் பழக்கம்,
எத்தனை பிள்ளைகள் என்றுகூட அறியாதது.
இன்று அவனே தேடி வந்தான்,
வாட்டர் கூலர் நிழலுக்கு,
இரண்டு சுலைமானியோடு.
கேட்டேன்.
மூன்று என்றான்.
கடைசிப் பெண்ணுக்கு இரண்டு வயது,
இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.
அதைச் சொல்லிவிட்டு அவன் டீயையே பார்த்தான்.
நானும் ஏதும் சொல்லவில்லை,
எழுந்தும் போகவில்லை.

தூரத்தில் ஃப்ளேர் கம்பத்தில் தீ
பகல் வெளிச்சத்தில் நிறமற்று ஆடியது.
கை ஒருமுறை சட்டைப்பைக்குப் போய்
பேனாவைத் தொட்டுவிட்டு வந்தது.
மணி பத்து ஏழு.
இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.